கூரையை இறக்குமுன் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்

(தேனியில் வைகாசி மாத மாலை ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பகலெல்லாம் வெயிலில் வேலை பார்த்துவிட்டுக் கையில் ஒட்டிய சிமெண்டுகூடக் காயாமல் இந்த மண்டபத்தில் வந்து உட்கார்ந்திருக்கும் கொத்தனார்களே, ஆசாரிமார்களே, சித்தாள் வேலை பார்க்கும் என் அக்கா தங்கைகளே!

வைகாசி பிறந்துவிட்டது. இன்னும் சில வாரங்களில் கம்பம் கணவாய் வழியாகக் காற்று இறங்கிவிடும். இறங்கினால் ஆடி முடியும்வரை விடாது. கூடலூரிலிருந்து ஆண்டிபட்டிவரை தளர்ந்த ஓடு தங்காது, ஆணி கழன்ற தகடு தங்காது. அதனால்தான் இந்தப் பள்ளத்தாக்கில் சித்திரையும் வைகாசியும் கூரை வேலைக்கான மாதங்கள். இன்றைக்குச் சின்னமனூரிலும், தேவாரத்திலும், கோம்பையிலும், போடியிலும் எந்தத் தெருவுக்குப் போனாலும் ஒரு வீட்டில் மேற்கூரை பிரிந்து கிடக்கிறது. வாசலில் டிராக்டர் நிற்கிறது. பிரித்ததெல்லாம் அதில் ஏறிக்கொண்டிருக்கிறது.

அந்த டிராக்டரில் என்ன ஏறுகிறது? நான் பேச வந்தது அதைப் பற்றித்தான். பழைய வீட்டின் கூரையைப் பிரிக்கும்போது உள்ளிருந்து வெளிப்படுகிறதே மரம், ஓடு, காரை, கம்பி, தகடு, இவையெல்லாம் என்ன? இவற்றில் எது வைத்துக்கொள்ள வேண்டியது? எது பயப்பட வேண்டியது? யார் பார்த்துச் சொல்வது?

ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் புலிமான்கோம்பை இருக்கிறது. நம் ஊர்தான். அங்கே இருந்த சில கற்களை 2006-இல் தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் பார்த்தார்கள். குனிந்து பார்த்தார்கள். அவற்றில் தமிழி என்னும் பழைய எழுத்து இருந்தது. அவற்றில் ஒன்று, மாடு கவரும் சண்டையில் இறந்துபோன ஒருவனுக்கு எடுத்த நடுகல். இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட பழமை. எழுத்துப் பொறித்த நடுகற்களில் மிகப் பழையவை என்று இன்று நாடு முழுவதும் அவற்றைச் சொல்கிறார்கள். 2005-இலும் அந்தக் கல் அங்கேதான் இருந்தது. அதற்கு முந்திய நூறு ஆண்டும் அங்கேதான் இருந்தது. கல் மாறவில்லை. பார்த்த கண் மாறியது.

உங்கள் வீட்டு முகட்டிலும் எழுத்து இருக்கிறது. நான் ஒப்புமைக்காகச் சொல்லவில்லை. ஓட்டின் முதுகில் இருக்கிறது, இரும்பின் விலாவில் இருக்கிறது, மரத்தின் ரேகையில் இருக்கிறது. படிக்காமல் டிராக்டரில் ஏற்றுகிறோம்.

நான் இந்தக் கட்டடத் தொழிலுக்கு வந்த புதிதில் உத்தமபாளையத்தில் ஒரு மெத்தை வீட்டைப் பிரித்தோம். வீட்டுக்காரருக்குக் கான்கிரீட் தளம் வேண்டும். எனக்கு அவசரம். அடுப்பங்கரைப் பக்கத்து உத்திரங்கள் கரிப்புகை ஏறி ஏறித் தார் பூசியதுபோல் இருந்தன. 'பழைய மரம், உளுத்ததாகத்தான் இருக்கும்' என்று நானே சொன்னேன். செங்கல் சூளைக்கு விறகாகப் போய்ச் சேர்ந்தது. மிச்சம் கிடந்த ஒரு துண்டைப் போடியிலிருந்து கதவு வேலைக்கு வந்த ஆசாரி எடுத்தார். உளியால் ஒரு சீவு சீவினார். பொன் நிறத்தில் மரம் வெளியே வந்தது. முகர்ந்து பார்த்தார். என் கையில் கொடுத்து, "தம்பி, மோந்து பாருங்க" என்றார். புதுத் தோல் செருப்பின் வாசம். கையில் எண்ணெய்ப் பசை ஒட்டியது. முதிர்ந்த தேக்கு. பதினாறு உத்திரம் சூளையில் எரிந்து முடிந்திருந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. அந்தத் துண்டைத் துணியில் சுற்றித் தன் பையில் வைத்துக்கொண்டார். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் எனக்கு இந்த அண்ணாந்து பார்க்கும் பழக்கம்.

சரி, அண்ணாந்து பார்ப்போம். முதலில் மெத்தை வீடு.

நம் பெரியவர்கள் மெத்தை வீடு, காரை வீடு, மட்டப்பா என்று சொல்வதைத்தான் பொறியியல் புத்தகம் 'மெட்ராஸ் டெரஸ்' என்கிறது. அன்றைய சென்னை மாகாணத்தின் பெயரையே வாங்கிக்கொண்ட கூரை அது. கீழிருந்து பார்த்தால் வரிசையாக மரச்சட்டங்கள் தெரியும். இரண்டு சட்டத்துக்கு நடுவே முழ அகலம், சில இடத்தில் கொஞ்சம் கூட. அதற்கு மேலே சின்னச் சின்னச் செங்கல். ஆறு அங்குல நீளம், மூன்று அங்குல அகலம், ஓர் அங்குலக் கனம். கொத்தனார்கள் இதைச் சித்துக்கல் என்பார்கள். அந்தக் கல்லைப் படுக்கையாக வைக்கவில்லை, விளிம்பில் நிறுத்திச் சட்டத்துக்குக் கோணலாகச் சாய்வரிசையில் சுண்ணாம்பு வைத்துக் கட்டியிருக்கிறார்கள். கோணலாக ஏன்? ஒரு கல்லின் பாரத்தை அடுத்த கல் தாங்கிக்கொண்டே போய்ச் சட்டத்தில் இறக்கிவிடும். அடியில் பலகை முட்டு இல்லாமலேகூட, வரிசை வரிசையாக ஒட்டிக்கொண்டே போகலாம்.

அதற்கு மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கனமான ஓர் அடுக்கு. மூன்று அங்குலத்துக்குக் குறையாது. இதைக் கொட்டிவிட்டுப் போய்விட முடியாது. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் தட்டுவார்கள். கடுக்காய் ஊறிய தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் தெளித்துத் தெளித்துத் தட்டுவார்கள். நாள்கணக்கில் தட்டுவார்கள். தட்டுகிற சத்தத்துக்குப் பாட்டு சேர்ந்துகொள்ளும். கட்டை எகிறும்வரை, கலவை இறுகும்வரை அந்தப் பாட்டு நிற்காது. பிறகு தட்டோடு, அதையும் சுண்ணாம்பில் ஒட்டிப் பதித்து, மேலே மழுக்கிய பூச்சு.

இந்தக் கூரை ஒழுகும்போது நாம் என்ன செய்கிறோம்? மேலே சிமெண்டுப் பூச்சு போடுகிறோம். அங்கேதான் முதல் தப்பு. சுண்ணாம்பு மூச்சு விடுகிற பொருள். ஈரத்தை வாங்கும், வெயில் வந்தால் விட்டுவிடும். சிமெண்டு அதன் வாயைப் பொத்திவிடுகிறது. உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் சுவருக்குள் சொருகியிருக்கும் உத்திரத்தின் முனைக்குப் போய்ச் சேர்கிறது. நடுக்கூடத்தில் நின்று பார்த்தால் உத்திரம் கல் மாதிரி இருக்கும். சுவருக்குள் இருக்கும் ஒரு சாண் மரம் மட்டும் அழுகிப்போயிருக்கும். ஆகவே உத்திரத்தை நடுவில் தட்டிப் பார்த்து முடிவு சொல்லாதீர்கள். முனையைத் தோண்டிப் பாருங்கள். ஒரு திருப்புளியைக் குத்திப் பாருங்கள். கால் அங்குலம் இறங்கினால் ஒரு கதை, இரண்டு அங்குலம் இறங்கினால் வேறு கதை.

சுண்ணாம்பையும் சிமெண்டையும் எப்படிப் பிரித்தறிவது? நகத்தால் கீறுங்கள். சுண்ணாம்புக் காரை வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ உதிரும். உள்ளே நீறாத சுண்ணாம்புக் கட்டி பொட்டுப் பொட்டாகத் தெரியும். சிமெண்டு நகத்துக்கு மசியாது, சாம்பல் நிறத்தில் நிற்கும். அந்த இளஞ்சிவப்பு ஏன் வந்தது தெரியுமா? சுட்ட செங்கல்லைப் பொடித்துச் சுண்ணாம்போடு சேர்த்திருக்கிறார்கள். அதற்குப் பெயர் சுர்க்கி. இன்றைக்கும் தளத்துக்கு மேலே செங்கல் ஜல்லி போடும் வேலையைக் கொத்தனார்கள் 'சுருக்கி போடறது' என்றுதானே சொல்கிறார்கள்?

இந்த ஊரில் சுர்க்கி என்ற சொல்லைச் சொல்லிவிட்டு அப்படியே நகர்ந்துவிட முடியுமா? நமக்குச் சோறு போடும் பெரியாறு அணை எதனால் கட்டியது? 1887-இல் தொடங்கி, கர்னல் பென்னிகுவிக் காட்டு வெள்ளத்தோடு மல்லுக்கட்டிக் கட்டி, 1895 அக்டோபர் 10 அன்று மாகாண ஆளுநர் வென்லாக் திறந்துவைத்த அணை. சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த கலவையில் எழுந்த அணை. கூடலூர்ப் பக்கத்துக் குருவனூத்தில் சுண்ணாம்புக்கல் வெட்டி மலைக்கு ஏற்றினார்கள். லோயர்கேம்ப் மணிமண்டபத்துக்குப் போய்ப் பென்னிகுவிக் சிலைக்கு மாலை போடுகிறோம், பொங்கல் வைக்கிறோம், பிள்ளைக்கு அவர் பெயர் வைக்கிறோம். ஆனால் அவர் நம்பிய அதே கலவை நம் பாட்டன் வீட்டு மெத்தையில் இருந்து பெயர்ந்து விழுந்தால், 'வெறும் காரை, அள்ளிப் போடு' என்கிறோம்!

அந்த அணைக்கு வயதாகிவிட்டது என்ற பேச்சு வந்தபோது தமிழ்நாட்டுப் பொறியாளர்கள் என்ன செய்தார்கள்? 1979-க்குப் பிறகு மேலே கான்கிரீட் பாரம் ஏற்றினார்கள். இரும்பு வடங்களை உள்ளே இறக்கிப் பாறையோடு பிணைத்தார்கள். பின்பக்கம் கான்கிரீட் முட்டுக் கொடுத்தார்கள். பழையது எதனால் ஆனது என்று தெரிந்து, அதற்கு எது பொருந்தும் என்று பார்த்து, பலப்படுத்தினார்கள். 2014-இல் உச்ச நீதிமன்றம் 142 அடிவரை தண்ணீர் தேக்கலாம் என்று சொல்லிவிட்டது. உங்கள் வீட்டு மெத்தை அந்த அணையைவிடப் பெரிய கஷ்டத்திலா இருக்கிறது?

இனி மரம். தேக்கைச் சொல்லிவிட்டேன். மேற்கே மலையை வைத்துக்கொண்டிருக்கும் ஊர்க்காரர்கள் நாம், நம் பழைய வீடுகளில் தேக்கு மட்டும் இருக்காது. ஈட்டி இருக்கும். கறுப்பில் ஊதா ஓடும் வரி, தூக்கினால் கை இறங்கும் கனம். வேங்கை இருக்கும். அதன் சீவலை ஒரு தம்ளர் தண்ணீரில் இரவு போட்டு வையுங்கள், காலையில் தண்ணீரின் நிறம் மாறியிருக்கும், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் நீலம் ஓடும். சர்க்கரை நோய்க்காரர்கள் வாங்கும் வேங்கைக் குவளையும் இந்த மரம்தான். ஓட்டுச் சாய்ப்புகளில் பெரும்பாலும் பனங்கை. அறுத்த முனையைப் பாருங்கள், கறுப்பு ஊசிகளைக் கட்டாகக் கட்டி நிறுத்தியதுபோல் இருக்கும். வெளி வட்டத்தில் அந்த ஊசிகள் நெருக்கமாக இருந்தால் வைரம் பாய்ந்த மரம், நடுப்பக்கம் வெளுத்துச் சக்கையாக இருந்தால் இளசு. நல்ல பனங்கை நூறு வருடம் நிற்கும். அதை இறக்கிவிட்டு, கடையில் வாங்கிய பச்சை மரத்தை ஏற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

மரத்தைத் தின்கிறவர்களையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மண்புற்றுக் கோடு போட்டு ஏறியிருந்தால் கரையான். குண்டூசித் துளையும், அடியில் மாவு மாதிரித் தூளும் இருந்தால் உளுப்பூச்சி. தூள் புதிதாக உதிர்கிறதா என்று பார்ப்பதற்கு ஓர் எளிய வழி: அடியில் ஒரு கறுப்புத் துணியை விரித்து நான்கு நாள் விட்டுவிடுங்கள். துணி சுத்தமாக இருந்தால், தின்றது தின்ற காலத்தோடு போயிற்று. மரத்தில் உயிர் மிச்சம் இருக்கிறது.

ஓட்டுக்கு வருவோம். நாட்டு ஓட்டை யாரும் தவறவிட மாட்டார்கள். குயவர் சக்கரத்தில் குழாயாக வனைந்து, ஈரத்திலேயே இரண்டாக அறுத்துச் சுட்டது. உட்பக்கம் தடவுங்கள், வளையம் வளையமாக விரல் பதிந்த தடம் கையில் தட்டுப்படும். எந்தக் காலத்து மனிதரின் விரலோ அது! சீமை ஓட்டில்தான் எழுத்து இருக்கும். புரட்டிப் பார்த்தால் செய்த ஆலையின் பெயர், ஊர், சில சமயம் ஒரு முத்திரைப் படம். ஃபெரோக், ஒல்லூர் என்று கேரளத்து ஊர்ப் பெயர்கள் நம் பக்கத்துக் கூரைகளில் நிறைய ஏறியிருக்கின்றன.

இங்கே ஒரு பெரிய மயக்கம் இருக்கிறது. 'பாசல் மிஷன், மங்களூர், 1865' என்று அச்சான ஓட்டை எடுத்துக்கொண்டு வந்து, "சார், எங்க வீடு 1865-ல கட்டினது" என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் முகத்தில் உள்ள மகிழ்ச்சியைக் கெடுக்க மனம் வராது. ஆனாலும் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். 1865 என்பது ஜெர்மன் பாதிரியார் ஜார்ஜ் பிளெப்ஸ்ட் மங்களூரில் அந்த ஆலையைத் தொடங்கிய ஆண்டு. ஓடு வார்த்த ஆண்டு இல்லை. அந்த எண்ணை அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் அச்சில் வைத்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு காலத்தை எப்படிக் கணிப்பது? முதல் உலகப் போர் வந்தது. எதிரி நாட்டார் சொத்து என்று ஆலைகளை அரசு எடுத்துக்கொண்டது. போருக்குப் பிறகு அவை 'காமன்வெல்த் டிரஸ்ட்' கைக்குப் போயின. ஆகவே பாசல் மிஷன் பெயர் இருந்தால் ஓடு போருக்கு முந்தியது, காமன்வெல்த் பெயர் இருந்தால் பிந்தியது. அப்போதும் ஓட்டின் வயதுதான் தெரியும், வீட்டின் வயது தெரியாது. ஓடு வீடு மாறும். இடித்த வீட்டு ஓட்டை வாங்கி நம் அப்பா தலைமுறை எத்தனை கூரை வேய்ந்திருக்கிறது!

இரும்பிலும் இப்படித்தான். கர்டர் போட்ட பழைய கடை வீடுகளில் துருவைச் சுரண்டினால் 'டார்மன் லாங், மிடில்ஸ்பரோ, இங்கிலாந்து' என்று எழுத்து வரலாம். கப்பலில் வந்த இரும்பு. டாடா முத்திரை இருந்தால் 1912-க்குப் பிந்தியது, ஜாம்ஷெட்பூரில் எஃகு உருக்க ஆரம்பித்ததே அந்த ஆண்டுதான். கான்கிரீட் தளத்தில் காரை பெயர்ந்து கம்பி தெரிந்தால், வழுவழுப்பான உருட்டுக் கம்பி பழசு, கயிறு முறுக்கியதுபோல் வரி ஓடும் டார் கம்பி 70-களையும் 80-களையும் சேர்ந்தது, இன்றைய டி.எம்.டி. கம்பி 90-களுக்குப் பிறகு பரவியது. நம் கிராமங்களின் தொகுப்பு வீடுகளில் குழந்தைகள் தூங்கும் பாய்க்கு நேர் மேலே கம்பி துருத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டுத் தூக்கம் வராமல் திரும்பியிருக்கிறேன். அங்கே தயவுசெய்து துருவின்மேல் பூச்சுப் பூசி மூடாதீர்கள். சுத்தியலால் மெல்லத் தட்டி, பொத்தல் சத்தம் கேட்கும் இடத்தையெல்லாம் சுண்ணாம்புக்கட்டியால் வட்டம் போடுங்கள். பாதித் தளம் வட்டமாகிவிட்டால் அது பூச்சு வேலை இல்லை, பொறியாளர் வந்து பார்க்க வேண்டிய வேலை.

மரப்பட்டிக்குள் ஓடும் பழைய மின்கம்பியும் பீங்கான் ஃபியூஸும் கூரையில் அகப்பட்டால், மின்சாரத்தை நிறுத்திய பிறகும் ஒருமுறை சோதித்துவிட்டுத் தொடுங்கள். ரப்பர் உறை உலர்ந்து பொடியாகியிருக்கும். பழைய எண்ணெய்ப் பூச்சைச் சுரண்டும்போதும் கவனம் வேண்டும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய பூச்சை நனைத்துச் சுரண்டுங்கள், உலர்த்தித் தேய்க்காதீர்கள், கைக்குழந்தை இருக்கும் அறையில் தொடவே தொடாதீர்கள்.

இப்போது நான் இங்கே வந்ததற்கு முக்கியமான காரணத்துக்கு வருகிறேன். இதுவரை சொன்னது நாம் இழக்கும் பொருளைப் பற்றி. இனிச் சொல்வது நாம் இழக்கும் ஆட்களைப் பற்றி.

சீட்டு வீடு என்று சொல்கிறோமே, சாம்பல் நிறத்தில் அலை அலையாக இருக்கும் சிமெண்டு சீட்டு, அதைப் பற்றிச் சொல்கிறேன். ஓடு விலை ஏறியபோது, கூரை வேயக் கீற்றும் ஆளும் கிடைக்காதபோது, ஏழை வீட்டுக்கு நிழல் கொடுத்தது அதுதான். அந்த நன்றியை நான் மறக்கவில்லை. ஆனால் அந்தச் சிமெண்டைப் பிடித்து நிறுத்துவது ஆஸ்பெஸ்டாஸ் என்னும் கல்நார். பூமியிலிருந்து எடுக்கும் கனிமம். பஞ்சு மாதிரிப் பிரியும், ஆனால் கல். முடியைவிடப் பல மடங்கு மெல்லிய இழை. உடைத்தால், அறுத்தால், துளை போட்டால் காற்றில் மிதக்கும். கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கு வாசம் இல்லை, தொண்டையில் உறுத்தாது. நுரையீரலுக்குள் போனால் கரையாது. நுரையீரல் இறுகிப்போகும் நோய், நுரையீரல் புற்று, நுரையீரலைப் போர்த்தியிருக்கும் சவ்வில் வரும் மீசோதீலியோமா என்னும் புற்று, இவையெல்லாம் வர இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகூட ஆகலாம். இருபது வயதில் சீட்டு உடைத்தவருக்கு ஐம்பத்தைந்து வயதில் மூச்சு வாங்கும். அந்த நாளுக்கும் இந்த நாளுக்கும் யார் முடிச்சுப் போடுவார்?

உச்ச நீதிமன்றம் போட்டது. 1995 ஜனவரியில் கொடுத்த தீர்ப்பில், ஆஸ்பெஸ்டாஸ் ஆலைத் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து குறைந்தது 40 ஆண்டு, அல்லது வேலையை விட்டபின் 15 ஆண்டு, இவற்றில் எது பிந்தியதோ அதுவரை பாதுகாக்க வேண்டும் என்றது. நாற்பது ஆண்டு ஏன்? நோய் அவ்வளவு மெதுவாக வரும் என்பதால். ஐரோப்பிய ஒன்றியம் 2005-இல் முழுவதும் தடுத்துவிட்டது. பிரேசில் 2017-இல் தடுத்தது. அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் தடை இருக்கிறது. நம் நாட்டில் வெள்ளைக் கல்நாரை இறக்குமதி செய்து சீட்டுச் செய்வது இன்றும் சட்டப்படி நடக்கிறது. ஆலைத் தொழிலாளிக்காவது பதிவேடு உண்டு. கோம்பையில், கூடலூரில், ராயப்பன்பட்டியில் ஒரு நாள் கூலிக்குச் சீட்டு இறக்குகிறவருக்கு எந்தப் பதிவேடு?

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வேலையில் சீட்டை மேலிருந்தே உடைத்து உடைத்துத் தள்ளினோம். சித்தாள் அக்கா ஒருவர் அந்தத் தூளை விளக்குமாற்றால் பெருக்கிக் குவித்தார். கதவு வழியாக வெயில் விழுந்தது. அந்தக் கீற்றில் தூசி மின்னி மின்னி ஏறியது. அவருடைய சின்னப் பிள்ளை பக்கத்து மணல் மேட்டில் விளையாடிக்கொண்டிருந்தது. எனக்கு அன்று இதெல்லாம் தெரியாது. வெயிலில் மின்னிய அந்தத் தூசி மட்டும் இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

எப்படி அடையாளம் காண்பது? உடைந்த ஓரத்தைக் கிட்டே போய்ப் பாருங்கள், கையால் கிள்ளாதீர்கள். மயிர் மயிராக வெளுத்த இழை தெரிந்தால் சந்தேகம் உறுதிப்படுகிறது. வெயிலிலும் மழையிலும் நாள்பட்டு, மேற்பரப்பு அரித்து, பாசி பிடித்திருந்தால் இழை வெளியே வர ஆரம்பித்துவிட்டது என்று பொருள். ஆனால் ஆஸ்பெஸ்டாஸ் கலக்காத சீட்டும் இப்போது வருகிறது, பார்ப்பதற்கு அதே சாம்பல், அதே அலை. கண்ணை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆய்வுக்கூடத்தில் முனைவாக்கிய ஒளி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால்தான் உறுதி. அதற்கு வழியில்லையா? கல்நார் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலை பாருங்கள். அலைச் சீட்டில் மட்டும் தேடாதீர்கள். பழைய மண்டபம், தியேட்டர், அலுவலகங்களின் உட்கூரையில் தட்டையான சீட்டாக இருக்கும். அடுப்பங்கரைப் புகைபோக்கிக் குழாயாக இருக்கும். மழைத்தண்ணீர் இறங்கும் குழாயாக இருக்கும்.

உடையாமல் நன்றாக இருக்கிற சீட்டை அப்படியே விட்டுவையுங்கள், அது சும்மா இருக்கும்வரை கெடுதல் குறைவு. இறக்கியே ஆக வேண்டும் என்றால், முதலில் வீட்டில் இருக்கும் துணிமணி, பாத்திரம், தானியம் எல்லாம் வெளியேறட்டும், பிள்ளைகளும் வெளியேறட்டும். மின்விசிறி ஓடக் கூடாது. சீட்டை நன்றாகத் தண்ணீர் அடித்து நனையுங்கள். கொக்கி போல்ட்டைக் கழற்றுங்கள், சுத்தியலால் அடித்துப் பிடுங்காதீர்கள். அறுப்பு மெஷின் கிட்டே வரக் கூடாது. சீட்டின் மேல் நேராகக் கால் வைக்கவே வைக்காதீர்கள். அது உடைந்து கீழே விழுந்து இடுப்பு முறிந்தவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். சட்டத்துக்குச் சட்டம் பலகை போட்டு அதன்மேல் நடங்கள். முழுச் சீட்டாகக் கயிறு கட்டி இறக்குங்கள். உலர்ந்த விளக்குமாறு வேண்டாம், ஈரத்துணி போதும். தலையில் கட்டும் துண்டு முகமூடி ஆகாது, முகத்தோடு ஒட்டி நிற்கும் வடிகட்டி முகமூடி வேண்டும். வீட்டுக்குப் போனதும் அந்தச் சட்டையோடு பிள்ளையைத் தூக்காதீர்கள். உடைந்த துண்டைக் கெட்டியான பிளாஸ்டிக்கில் சுற்றிக் கட்டுங்கள். கோழிக்கூண்டுக்கு மேல் போடுவது, பாதைப் பள்ளத்தில் கொட்டி வண்டி ஏற்றி நொறுக்குவது, இவை இரண்டும் நம் ஊரில் நாள்தோறும் நடக்கின்றன. இவை இரண்டும் நிற்க வேண்டும்.

ஒப்பந்தக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். கூலி பேசும்போதே தண்ணீருக்கும் முகமூடிக்கும் சேர்த்துப் பேசுங்கள். வீட்டுக்காரர்களிடமும் கேட்கிறேன். மார்பிள் தரைக்கு லட்சம் செலவு செய்கிறீர்கள். சித்தாளின் மூச்சுக்குச் சில நூறு ரூபாய் கொடுக்க மனம் வராதா?

கூரையிலும் பரணிலும் பொருள் அகப்படுவதும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் கேட்பீர்கள். ஓட்டுக்கும் மச்சுப் பலகைக்கும் நடுவில் ஓலைச்சுவடி அகப்படும். அதைப் பிரிக்காதீர்கள், வெயிலில் காய வைக்காதீர்கள், ஈரத்துணியால் துடைக்காதீர்கள். அப்படியே துணியில் சுற்றி வையுங்கள். தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடித் துறைக்கோ, சென்னையில் உள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துக்கோ சொல்லி அனுப்புங்கள். 75 ஆண்டுக்கு மேற்பட்ட மதிப்புள்ள சுவடியைத் தொல்பொருளாகவே 1972-ஆம் ஆண்டுச் சட்டம் கருதுகிறது. நாணயமோ நகையோ அகப்பட்டால்? 1878-இல் போட்ட புதையல் சட்டம் இன்றும் இருக்கிறது. மண்ணில் புதைந்தது மட்டும் புதையல் இல்லை, மண்ணோடு பிணைந்த எதில் மறைந்திருந்தாலும் புதையல்தான் என்கிறது அந்தச் சட்டம். உங்கள் சுவரும் உத்திரமும் அதில் அடங்கும். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தால் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். ஒரு புகைப்படம் எடுங்கள், இருந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு கை வையுங்கள்.

புகைப்படம் என்றேன். எல்லாக் கூரைக்கும் அதைச் செய்யலாம். பிரிப்பதற்கு முதல் நாள், ஒரு டார்ச்சு, ஓர் உளி, ஒரு நோட்டுப் புத்தகம். வீட்டில் மூத்தவர் யாரோ அவரை நாற்காலி போட்டு நடுக்கூடத்தில் உட்காரவையுங்கள். "அப்பத்தா, இந்த உத்திரம் எங்கிருந்து வந்துச்சு? ஓடு எப்ப மாத்துனீங்க? சீட்டு எந்த வருசம் போட்டது?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை எழுதுங்கள். எந்த ஆய்வுக்கூடத்திலும் கிடைக்காத விடை பாதி அங்கேயே கிடைத்துவிடும். அந்த நோட்டைப் பார்த்த பிறகு டிராக்டர் வரட்டும்.

நாளைக் காலை கோம்பையில் ஒரு வீட்டில் கூரை பிரிக்கிறோம். முன்பக்கம் மெத்தை, பின்பக்கம் ஓட்டுச் சாய்ப்பு, அடுப்பங்கரைக்கு மேல் சீட்டு. நான் இவ்வளவு நேரம் பேசியதெல்லாம் ஒரே வீட்டில் இருக்கிறது. வீட்டுக்காரர் சம்மதித்துவிட்டார். பார்க்க விரும்புகிற கொத்தனார்களும் சித்தாள்களும் வரலாம். முகமூடி நான் கொண்டுவருகிறேன். ஆறு மணிக்கெல்லாம் வந்துவிடுங்கள், வெயில் ஏறிக் காற்றுக் கிளம்புவதற்குள் சீட்டை நனைத்து இறக்கிவிட வேண்டும்.